மணாலியிலிருந்து லே வரை: பாதை கட்டித் தரும் மூட்டை

இமாசலப் பிரதேசத்து மணாலியில் தொடங்கி, நான்கு பெருங்கணவாய்களை ஏறி இறங்கி, லடாக்கின் பிரதான நகரமாகிய லேயில் சென்று முடிகிற மலைச்சாலையைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் பிரயாணம் செய்து, இரவில் சொந்தக் கூடாரத்தில் தங்க ஆசைப்படுகிறவர்கள், எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்ற கேள்விக்குக் கடைக்காரர்களிடமும் நண்பர்களிடமும் விடை தேடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க அதிகாரி அந்தச் சாலை ஒன்றேதான். ஒவ்வோர் ஊரும், ஒவ்வொரு கணவாயும் ஒரு பொருளைக் கேட்கிறது. எந்த இடமும் கேட்காத பொருள் மூட்டையில் இருக்கலாகாது.

முதலில் காலத்தைச் சொல்கிறேன். குளிர்காலம் முழுவதும் பனியால் மூடிக்கிடக்கும் இந்தப் பாதை, 1960-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர்கள் பனியை வெட்டி அகற்றிய பின்னர், வசந்தகாலத்திலோ கோடைத் தொடக்கத்திலோ திறந்து, அக்டோபர் வரை நடமாட்டத்துக்கு உதவுகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மணாலிப் பக்கத்தில் மழையும் மண்சரிவும் மிகுதி. செப்டம்பரில் மழை ஓய்ந்து, பனியுருகும் ஓடைகளும் மெலிந்துவிடுகின்றன. இரவுக் குளிர் கூடினாலும், கூடாரவாசிக்கு அதுவே உகந்த மாதம்.

தமிழ்நாட்டிலிருந்து வண்டியை ரயிலில் அனுப்புகிறவர்கள், பார்சல் ஆபீசில் ஒப்படைக்குமுன் டாங்கிலுள்ள பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட வேண்டும், ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த மலைச்சாலையில் மிகுதியாகக் கண்ணில் படுகிற புல்லட் வண்டி, 1950-களின் நடுப்பகுதி முதல் சென்னையில், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவாகி வந்தது என்பதை நினைக்கும்போது, சமுத்திரக் கரையில் பிறந்த யந்திரம் பர்வத உச்சிகளில் இத்தனை பிரசித்தி பெற்றதே என்று நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாகத்தான் செய்கிறது.

மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களும் ஆப்பிள் தோட்டங்களும் சூழ, பியாஸ் நதிக்கரையில் இருக்கிற ஈரமான ஊர். அங்கிருந்து வடக்கே சென்றால், 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை நம்மை ஏற்றுக்கொள்கிறது. முன்பு ரோதங் கணவாயைச் சுற்றிச் சென்ற 46 கிலோமீட்டர் இதனால் மிச்சமாயிற்று. சுரங்கத்தின் இப்பக்கம் மழை பெய்துகொண்டிருக்கையில், அப்பக்கம் லாஹுல் பள்ளத்தாக்கில் வெயில் காய்வது சாதாரணம். பருவமேகங்களை மலைத்தொடர் தடுத்துவிடுவதால் நேரும் அதிசயம் அது. ஆகையால் மழைச்சட்டை, மூட்டையின் அடியில் அல்ல, கைக்கு எட்டும் மேற்புறத்தில் இருக்கட்டும். பைகள் நீர் புகாதவை என்று விற்றவர் சொன்னாலும், உடைகளைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்ளே வைப்பதே பத்திரம். நம் ஊரில் உற்ற தோழனாகிய பருத்தித் துணி, நனைந்தால் எளிதில் உலராமல் உடம்பின் உஷ்ணத்தை உறிஞ்சிவிடுவதால், அங்கே அதற்கு இடமில்லை. உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை நூல் பனியனும், அதன்மேல் ஸ்வெட்டரும், அதற்கும் மேல் காற்றுப் புகாத சட்டையுமாக மூன்று அடுக்குகள் போதுமானவை.

லாஹுலில் சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் தாண்டி என்ற இடத்தில் சங்கமித்துச் சந்திரபாகாவாகி, பின்னர் செனாப் என்று பெயர் பெற்று ஓடுகின்றன. அந்தத் தாண்டியின் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை பிரயாணிகளிடையே வெகு பிரசித்தம். சுமையேற்றிய 350 சி.சி. வண்டி லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்துக்கு 12 லிட்டருக்கு மேல் வேண்டும். 13 லிட்டர் டாங்கில் எஞ்சுவது ஒரு லிட்டருக்கும் குறைவு. வழிதவறினாலோ, ஏற்றத்தில் தாழ்ந்த கியரிலேயே மணிக்கணக்கில் ஓட்ட நேர்ந்தாலோ, அது எம்மட்டு? எனவே மூடி இறுக்கமான உலோகக் கேனில் 5 லிட்டர் எடுத்துச் செல்வது அவசியம். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கேனுக்குள் ஆவி விம்மும். ஆதலால் விளிம்புவரை நிரப்பாமலும், திறக்கும்போது அருகில் நெருப்பில்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாண்டியைக் கடந்து, கேலாங்குக்கு அப்பால், பாகா நதியோரம் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் ஜிஸ்பா என்ற சிற்றூர் இருக்கிறது. முதற்கூடாரம் அடிப்பதற்கு அங்குள்ள நதிக்கரைப் புல்வெளியைப் போல ரம்மியமான இடம் இந்தப் பாதையில் அரிது. அங்கே ஓர் இரவோடு புறப்பட்டுவிடாமல் இரண்டு இரவுகள் தங்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், படுக்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது வைத்தியர்கள் வகுத்த விதி. ஆனால் அடுத்து வழக்கமாகத் தங்கும் இடமாகிய சர்ச்சுவோ 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சாலையின் அமைப்பே அந்த விதியை மீறச் செய்கிறது. அதோடு, சர்ச்சுவில் ஒருவருக்கு உயரநோய் கண்டால், முன்னே போனாலும் கணவாய், பின்னே திரும்பினாலும் கணவாய். கீழே இறங்குவதற்கு மேலே ஏறியே தீர வேண்டும். ஆகவே, தலைவலியோ குமட்டலோ தணியாதவர் ஜிஸ்பாவிலேயே நின்றுவிடுவதுதான் விவேகம். உயரநோய்க்குரிய டயாமாக்ஸ் போன்ற மாத்திரையை, ஊரிலேயே வைத்தியரைக் கலந்து, சல்பா மருந்து தமக்கு ஒவ்வுமா என்று தெரிந்துகொண்ட பிறகே பையில் வைக்க வேண்டும். இந்தச் சாலை கேட்கிற முதல் சாமான், கையிருப்பில் இரண்டொரு நாள். அதற்கு எடையும் இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் புறப்படுவது சோம்பலுக்கு விரோதமானாலும் நன்மைக்கு ஏதுவாகும். தார்ச்சா என்னும் ஊருக்கு அப்பால் சாலையைக் குறுக்கிட்டு ஓடும் பனியோடைகள், காலையில் கணுக்கால் அளவே இருந்து, வெயில் ஏறியதும் பனி உருகி, பிற்பகலில் முழங்கால் அளவுப் பிரவாகமாகிவிடுவதுண்டு. கணுக்காலுக்கு மேல் உயர்ந்த பூட்ஸும், மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் அந்த ஓடைகள் கேட்கிற காணிக்கை. அவற்றைக் கடந்தால், சூரஜ் தால் ஏரியின் நீல நீரைப் பார்த்தபடி சுமார் 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லா என்னும் கணவாயை அடைகிறோம்.

அதற்குப் பின் வருகிற சர்ச்சு, மரம் ஒன்றும் இல்லாத அகன்ற மேட்டுச் சமவெளி. மாலையில் காற்று சீறியடிக்கும். இரவில், கோடையிலும் கூட, தண்ணீர் உறைந்துபோகக் கூடும். தரை கல்லும் சரளையுமானதால் கூடாரத்தின் முளைகள் இறங்க மறுக்கும். கயிறுகளைக் கனத்த கற்களில் சுற்றிக் கட்டுவதற்காக உபரியாகப் பத்து மீட்டர் கயிறு வேண்டும். பலரும் தூக்கப்பையை மட்டும் விலை கொடுத்து வாங்கிக் கீழ்விரிப்பை அலட்சியம் செய்கிறார்கள். உடம்பின் பாரத்தில் பையின் அடிப்புறம் நசுங்கிவிட, குளிர் தரையிலிருந்தே ஏறுகிறது. நல்ல விரிப்பு, இரண்டாவது கம்பளியைக் காட்டிலும் மேலானது. சமையல் விஷயத்திலும் அந்த உயரம் தன் சட்டத்தை நடத்துகிறது: அங்கே தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பிரஷர் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது, அரிசியும் அரைகுறைதான். வெந்நீரில் ஊறினாலே போதுமான அவலும், வறுத்த சத்துமாவும், வெல்லமும் அங்கே அரசபோஜனம். அவசரத்துக்குத் தாபாக்களில் ராஜ்மாவும் சோறும் கிடைக்கும்.

சர்ச்சுவுக்கு அப்பால் 21 கொண்டைஊசி வளைவுகளைக் கொண்ட காட்டா லூப்ஸ் வருகிறது. அங்கே கைவிடப்பட்டுத் தாகத்தோடு இறந்த ஒரு லாரி கிளீனரின் ஆவி உலவுவதாகக் கதை வழங்குகிறது. அவனுக்காக வழிப்போக்கர்கள் வைத்துப்போன தண்ணீர்ப் பாட்டில்கள் ஒரு சிறு சந்நிதியின் முன் மலையாகக் குவிந்திருக்கின்றன. அந்த வளைவுகளில்தான் மூட்டையைக் கட்டிய முறை பரீட்சைக்கு வருகிறது. கருவிகள், டியூப் போன்ற கனத்த சாமான்கள் பக்கப்பைகளின் அடியிலும், வண்டியின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகவும், இருபுறமும் சம எடையாகவும் இருக்க வேண்டும். தூக்கப்பை, உடை போன்ற லேசானவை பின்னாலும் மேலாகவும் இருக்கலாம். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், பஞ்சர் சாமான்கள், காற்றடிக்கும் பம்பு ஆகியவை இல்லாமல் போவது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

நக்கீ லா, லாச்சுலுங் லா என்னும் கணவாய்களைக் கடந்து பாங் என்ற இடத்தை அடைந்தபின், சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு மோரே சமவெளி விரிகிறது. சாங்பா இடையர்கள் பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் அந்த விஸ்தாரமான வெளியில், ஆகாயம் கண் கூசும்படி நீலமாக இருக்கும். கறுப்புக் கண்ணாடியும் சருமத்துக்குக் களிம்பும் அதன் தேவைகள். பிறகு, 5,300 மீட்டருக்கு மேலுள்ள தாங்லாங் லா. அங்கே காற்றின் அழுத்தம் சமுத்திர மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. பிராணவாயு குறைவது நமக்கு மட்டுமன்று, யந்திரத்துக்கும்தான். சமதரையில் அநாயாசமாக இழுத்த பாரத்தை அங்கே அது முனகிக்கொண்டு இழுக்கும்போது, ஆசைக்காக எடுத்துவந்த ஒவ்வொரு பொருளும் தன் எடையைச் சொல்லிக் காட்டும்.

அந்தக் கணவாயிலிருந்து இறங்கினால், ரும்ட்சே, கியா கிராமங்களின் பார்லி வயல்கள் வழியே உப்ஷியில் சிந்து நதி எதிர்ப்படுகிறது. காருவில் பெட்ரோல் கிடைக்கும். திக்ஸே மடாலயத்தைத் தரிசித்துச் சிறிது தூரம் சென்றால் லே. வெளிமாநிலத்துப் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதால் போஸ்ட்பெய்டு இணைப்பும், ரொக்கப் பணமும் கையில் இருக்க வேண்டும்.

நிறைவாக நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்டா லூப்ஸில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. நீங்களும் ஒன்றைச் சேர்க்காமல், உங்கள் குப்பைக்கென்று ஒரு பையை எடுத்துச் சென்று, அதை லே வரை சுமந்து வாருங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு, முழுச் சுமையையும் வண்டியில் ஏற்றி, 70 கொண்டைஊசி வளைவுகளுள்ள நம் கொல்லிமலைக்குச் சென்று ஓர் இரவு கூடாரத்தில் தங்கிவிட்டு வாருங்கள். அந்த இரவில் கைபடாத பொருள்களில், மருந்தையும் கருவிகளையும் குளிருடைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.