முதுமையின் தேவையை அளப்போர்



நோயை அளப்பதற்கு மருத்துவரிடம் கருவிகள் பல உண்டு. காய்ச்சலை வெப்பமானி காட்டும். குருதியின் அழுத்தத்தை வேறொரு கருவி காட்டும். ஆனால், எண்பது வயது நிரம்பிய மூதாட்டி ஒருவருக்கு நாள்தோறும் பிறர் கை எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை எக்கருவி காட்டும்? இதனை அளப்பதையே கடமையாகக் கொண்டோர் ஜப்பான் நாட்டில் இருக்கின்றனர். அவர்தம் தகுதியையும் பயிற்சியையும் பற்றிப் பேசவே வந்துள்ளேன். 35 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். ஆதலால், மனிதரை மதிப்பிடும் எத்தொழிலிடத்தும் எனக்கு ஈடுபாடு உண்டு. சிறிது ஐயமும் உண்டு.

ஜப்பானில் 65 வயதைக் கடந்தோர் 1970-இல் நூற்றுக்கு 7 பேராக இருந்தனர். 1994-இல் அது 14 ஆயிற்று. இன்று ஏறத்தாழ 29. முதியோரைப் பேணும் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர் தலைமேலேயே விழுந்தது. வீட்டில் பேண ஆளின்றி, நோய் தீர்ந்த பின்னும் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தோர் பலர். 1997-இல் சட்டம் இயற்றி, 2000 ஏப்ரல் முதல் நாளன்று முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். 40 வயது முதல் யாவரும் சந்தா செலுத்துகின்றனர். செலவில் ஏறத்தாழப் பாதியை வரிப்பணம் ஏற்கிறது. ஆயினும் வயது முதிர்ந்தது ஒன்றாலேயே உதவி கிட்டிவிடாது. தேவை உண்டென்று முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

விண்ணப்பம் நகராட்சிக்குச் சென்றதும், ஆய்வாளர் ஒருவர் வீடு தேடி வருகிறார். அவர் கையில் உள்ள படிவத்தில் 74 வினாக்கள். ஐந்து மீட்டர் தூரம் எதையும் பற்றாமல் நடக்க இயலுமா, பற்றிக்கொண்டால் இயலுமா, இயலவே இயலாதா? நகத்தைத் தாமே வெட்டிக்கொள்கிறாரா? இப்போது என்ன பருவம் என்பதை அறிவாரா? தம் பெயரைச் சொல்வாரா? சற்று முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது நினைவில் உள்ளதா? கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும் இவ்வினாக்களில்தான் இப்பணியின் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பள்ளிக்குக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று சுவர்கள் வெண்மை பெறும்; கரும்பலகை பளபளக்கும்; வழக்கமாக வாய் திறவாத மாணவனும் எழுந்து விடை கூறுவான். அந்த ஒரு நாளைக் கண்டு பள்ளியை மதிப்பிடுவோர் ஏமாறுவர். ஜப்பானிய மூதாட்டியும் அவ்வாறே. அயலார் ஒருவர் வந்தமர்ந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “எல்லாம் நானே செய்துகொள்கிறேன்” என்பார். பொய்யுரைக்க வேண்டுமென்பது அவர் கருத்தன்று. மானம் அவரை அப்படிப் பேச வைக்கிறது. நள்ளிரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் விழுந்ததை, அருகிருக்கும் மகள் முன்னிலையில் அவர் சொல்வாரா?

இதனாற்றான் ஆய்வாளருக்குப் பயிற்சி கட்டாயம். மாநில அளவில் நடைபெறும் பயிற்சியை முடித்த பின்னரே அவர் இப்பணியில் இறங்கலாம். முதன்முறை விண்ணப்பமாயின் பொதுவாக நகராட்சி ஊழியரே செல்வர். பின்னர் வரும் ஆய்வுகளைப் பராமரிப்புத் திட்ட அலுவலரிடம் ஒப்படைப்பதும் உண்டு. அவ்வலுவலர் ஆவதும் எளிதன்று. 2018-இல் இறுக்கப்பட்ட விதிப்படி, மருத்துவம், செவிலியம், சமூகப்பணி, முதியோர் பராமரிப்பு முதலியவற்றுள் ஒன்றில் அரசுத் தகுதி பெற்று, 5 ஆண்டுகளும் 900 நாள்களும் குறையாமல் பணியாற்றியோரே பெரும்பாலும் தேர்வு எழுத இயலும். ஆய்வில் அறிந்ததை வெளியிடலாகாது என்பது இருசாராருக்கும் சட்டம் விதித்த கடமை.

கண்ட நாளின் நிலை வழக்கமான நிலையினின்று வேறுபட்டால், அதற்கு முந்திய ஒரு வார அளவில் அடிக்கடி நிகழ்ந்தது எதுவோ அதனையே கொள்ள வேண்டும் என்று கற்பிக்கப்படுகிறது. இரவில் அலைதல், காரணமின்றிச் சினத்தல் போன்றவற்றுக்கு ஒரு மாத நிகழ்ச்சிகளைக் கேட்டறிய வேண்டும். முதியவர் முன்னிலையில் கூறத்தகாதவற்றைக் குடும்பத்தாரிடம் தனியே கேட்கலாம். படிவத்தின் பெட்டிகளில் அடங்காதவற்றை எழுதத் தனிக்குறிப்புப் பகுதி ஒன்றும் உண்டு. நல்ல ஆய்வாளர் யார் என்பது அப்பகுதியில் தெரிந்துவிடும் என்பது என் துணிபு. “உண்பதற்கு உதவி தேவை” என்று ஒருவர் எழுதி முடிப்பார். “கரண்டியைத் தாமே எடுக்கிறார், நாலு வாய் உண்டபின் மறந்துவிடுகிறார், ஒவ்வொரு முறையும் மகள் நினைவூட்ட வேண்டும்” என்று மற்றொருவர் எழுதுவார்.

விடைகள் கணிப்பொறிக்குச் செல்கின்றன. அது நோயின் கடுமையைக் கணிப்பதில்லை. பேணுவதற்குரிய நேரத்தையே நிமிடங்களாகக் கணிக்கிறது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் இருந்த 3,500 பேருக்கு 48 மணி நேரம் எவ்வெவ்வுதவி எவ்வளவு நேரம் அளிக்கப்பட்டது என்று ஆராய்ந்த தரவே இதற்கு அடிப்படை. 25 நிமிடத்தை எட்டினால் முதற்படி. 110 நிமிடமும் அதற்கு மேலும் ஆனால் ஏழாம் படி. வீட்டில் உண்மையாகச் செலவாகும் நேரம் இதுவன்று. ஒப்பிடுவதற்கான அளவுகோல் மட்டுமே. இதில் ஒரு வியப்பு உண்டு. மறதி நோய் கண்டும் கால் வலிமை குன்றாத ஒருவர் வீதியில் அலைந்து திரிவார். அவரைக் காக்க நாள் முழுவதும் ஒருவர் வேண்டும். அந்நோயே முற்றிப் படுக்கையில் வீழ்ந்தவருக்கோ அந்த அலைச்சல் இல்லை. காக்கும் நேரம் குறையவும் கூடும். நோய் முற்றினால் தேவையும் கூடும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க.

பொறியின் முடிவே இறுதியன்று. மருத்துவம், நலவாழ்வு, சமூகநலம் ஆகிய துறைகளில் தேர்ந்தோர், பொதுவாக ஐவர், குழுவாக அமர்கின்றனர். மருத்துவரின் கருத்துரையையும் தனிக்குறிப்பையும் ஆராய்ந்து படியை உயர்த்தவோ தாழ்த்தவோ அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் அம்முதியவரைக் கண்ணாற் கண்டதில்லை. ஆய்வாளர் எழுதியதே அவர்களுக்குக் கண். அவர் அசட்டையாக “இயலும்” என்று குறித்தால் மூதாட்டி உதவியின்றி நிற்பார். இரக்கத்தால் “இயலாது” என்று குறித்தாலோ, அனைவரும் செலுத்திய பொதுப்பணம் உரியதற்கு மேல் ஓரிடம் செல்லும். விண்ணப்பித்த 30 நாள்களுக்குள் முடிவு வர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தாமதமாவது உண்டு. முடிவில் மனக்குறை உடையோர் மாநில அளவிலான மேல்முறையீட்டுக் குழுவை மூன்று மாதத்துக்குள் அணுகலாம்.

ஒருமுறை தந்த படி என்றும் நிலைப்பதன்று. முதல் முடிவு பொதுவாக ஆறு மாதத்துக்கே செல்லும். பின்னர் மறு ஆய்வு. இடையில் உடல்நிலை மாறினால், காலக்கெடுவுக்குக் காத்திராமல் மாற்றம் கோரலாம். மறு ஆய்வில் விந்தையான காட்சி ஒன்றும் நேர்வதுண்டு. ஓயாத பயிற்சியால் பாட்டியார் நடக்கத் தொடங்கியிருப்பார், படி குறையும், படி குறைந்தால், பெறத்தக்க உதவியின் உச்சவரம்பும் குறையும். பாட்டியார் நடப்பதைக் கண்டு மகிழ வேண்டிய குடும்பம், வாரம் மும்முறை வந்த பணிப்பெண் இனி எத்தனை முறை வருவாளோ என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்.