கருகிய பிஸ்டன் யார் குற்றம்?



மறுநடவுக்காகப் பழைய பால்மரங்களைச் சாய்க்கும் வேலை நம் தோட்டத்தில் நடந்தது நீங்கள் அறிந்ததே. அதில் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று சில நாட்கள் திணறித் திணறி ஓடி, ஒரு நாள் நின்றேவிட்டது. "எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றிவிட்டான், பிஸ்டன் கருகிவிட்டது, சம்பளத்தில் பிடியுங்கள்" என்று மேலிடத்தில் தீர்ப்பாகிவிட்டது. மெஷினைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை! நாம் திறந்து பார்த்தோம். அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய் ஒன்றுதான் இந்த மெஷினின் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. நல்ல டூ ஸ்ட்ரோக் எண்ணெயானால் பெரும்பாலான மெஷின்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி.

மெஷின் ஆறியபின் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சைலன்சரை எடுங்கள். புகை வெளியேறும் துவாரம் தெரியும். டார்ச் லைட் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெறும் பெட்ரோலில் ஓடியதானால், நீளவாட்டில் ஆழமான கீறல்கள் இருக்கும்; அலுமினியம் உருகி அப்பியிருக்கும்; ரிங் இறுகிப் போயிருக்கும். ஆனால் தோழர்களே, இதைக் கண்டதுமே தொழிலாளியைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. சீல் தேய்ந்து காற்று உள்ளே கசிந்தாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்தாலும், புகைப் பக்கம் இப்படித்தான் கீறும். கை எடுத்த பிறகும் மெஷின் அடங்காமல் அலறியதா என்று ஓட்டியவரைக் கேளுங்கள். ஆம் என்றால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலில் ஒரு சொட்டை, நெருப்புக்கு எட்டத்தில், வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். பெட்ரோல் பறந்தபின் எண்ணெய்க் கறை நின்றால், எண்ணெய் கலந்தது உண்மை.

நம் விவகாரத்தில் கறை நின்றது! புகைப் பக்கம் வழவழவென்று இருந்தது. சிலிண்டரையே கழற்றினோம். கார்புரேட்டர் பக்கத்தில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் பிஸ்டன் சாம்பல் நிறத்தில் மங்கித் தேய்ந்திருந்தது. தூசி புகுந்த அடையாளம் இது. காற்று வடிகட்டியை எடுத்தோம். ஓரத்தில் விரல் நுழையும் அளவு கிழிசல்.

பிறகு ஸ்டோர் புத்தகத்தைப் புரட்டினோம். எண்ணெய் வாரந்தோறும் கொடுக்கப்பட்டிருந்தது. வடிகட்டி இரண்டு முறை கேட்கப்பட்டு, இரண்டு முறையும் "இருப்பில்லை". அந்த வரியை எழுதியவர்கள் கிராணிமாராகிய நாமேதான். எழுதிய அன்று அது ஒரு மனிதனின் சம்பளம் என்று நமக்குத் தோன்றவில்லை.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. கெட்ட மெஷினுக்கான நஷ்டம் அந்த வரிசையில் இல்லை. பிஸ்டனையும் புத்தகத்தையும் மேசைமேல் வைத்து இதையும் எடுத்துச் சொன்னோம். பிடித்தம் நின்றது, வடிகட்டியும் வந்தது.

இனி எந்த மெஷின் நின்றாலும், பழைய பிஸ்டனையும் வடிகட்டியையும் துடைக்காமல், தொட்டியைக் காலி செய்யாமல், முதலில் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். வடிகட்டி கேட்டுக் கிடைக்காவிட்டால், கேட்ட தேதியை உங்கள் கையாலும் குறித்து வையுங்கள்.