கை வைக்கும் முன்



மே மாதம் 10ஆம் தேதி உலக லூபஸ் தினம். அதையொட்டி இந்த நோயின் மருந்துகளைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். நான் இயன்முறை மருத்துவர். நம் மக்கள் சொல்கிறபடி சொன்னால் பிசியோ. ருமட்டாலஜி ஓ.பி.யிலிருந்து சீட்டோடு என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுவார்கள்: "மேடம், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. யாரையாவது நல்லா பிடிச்சு விடச் சொல்லலாமா?"

"கூடாது" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடலாம். அப்படி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. மசாஜ் லூபஸைக் குணப்படுத்தாது. ஆனால் வலியோடு இருக்கும் உடம்புக்கு இன்னொருவர் கை தருகிற ஆறுதல் சின்ன விஷயமா? தசை இளகும், படபடப்பு தணியும், அன்றிரவு கொஞ்சம் தூக்கம் வரும். ஓர் இளம்பெண்ணிடமிருந்து அதைக் காரணமில்லாமல் பறிக்கக் கூடாது. காரணம் இருக்கிற நாளில் கண்டிப்பாக நிறுத்தவும் வேண்டும். அந்த நாள் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

லூபஸ் என்றால் என்ன என்று கேட்கும் நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் நம் உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. பாதிக்கப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. மூட்டு வலி, ஓயாத சோர்வு, கன்னத்தில் சிவந்த தடிப்பு, முடி கொட்டுவது எல்லாம் வெளியே தெரிபவை. சிறுநீரகத்தையோ ரத்த அணுக்களையோ அது தொடும்போது முதலில் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மாதம் அடங்கியிருக்கும், திடீரென்று ஒரு நாள் சீறும். காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக அது சீறியிருக்கிற சமயத்தில் மசாஜ் வேண்டவே வேண்டாம். அடங்கியிருக்கிற காலத்தில் என்ன செய்வது? நான் காலுக்கு வருகிறேன்.

ஆமாம், கால். தோள்பட்டை வலி என்று வந்தாலும் நான் முதலில் பார்ப்பது கால்களைத்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து இரண்டு கால்களையும் தொங்கவிடச் சொல்வேன். கொலுசு பதிந்த தடம் ஆழமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து விநாடி மெதுவாக அழுத்தி எடுப்பேன். குழி விழுந்து அது மேலே எழும்ப நேரமானால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. இரண்டு காலிலும் அப்படி என்றால் சிறுநீரகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் நுரைநுரையாகப் போகிறதா, காலையில் எழுந்தால் கண் இமை உப்பியிருக்கிறதா என்று கேட்பேன். சிறுநீரில் புரதம் வீணாகிறது என்பதற்கு அவை அடையாளங்கள். "இந்த நீரை உருவி மேலே ஏத்திட்டா சரியாப்போகும்" என்று பலர் சொல்கிறார்கள். வீக்கத்தின் காரணம் சிறுநீரகத்தில் இருக்கும்போது காலை உருவி என்ன பயன்? அன்றைக்கு வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை.

ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் உடனே இஞ்சு டேப்பைத் தேடுவேன். முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல்பக்கத்தில், ஒரு முண்டு கையில் தட்டுப்படும். அங்கிருந்து 10 சென்டிமீட்டர் கீழே பேனாவால் கோடிட்டு, இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் எடுப்பேன். வித்தியாசம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால், காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். வித்தியாசம் குறைவாக இருந்தாலும் வலியும் சூடும் இருந்தால் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது. லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. ரத்தக்கட்டி இருக்கும் காலை உருவினால் அது பெயர்ந்து, ரத்தத்தோடு ஓடிப்போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்திருந்தார். "பஸ்ல நின்னுக்கிட்டே போய் வர்றா மேடம், கெண்டைக்கால்ல சதை பிடிச்சுக்கிச்சு. எண்ணெய் போட்டு உருவி விடறேன்னா தொடவே விடமாட்டேங்கறா." பார்த்தேன். இடது கெண்டைக்கால் வலதைவிட இறுகிப் பளபளவென்று இருந்தது. புறங்கையை வைத்தால் சூடு தெரிந்தது. டேப்பும் அதையே சொன்னது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினோம். ரத்தக்கட்டி இருந்தது, அன்றைக்கே ஊசி தொடங்கினார்கள். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார்களே, வலிக்கிற பிள்ளை "தொடாதே" என்று சொன்னால் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது இடுப்பு. லூபஸுக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. நீண்ட நாள் எடுக்கும்போது அவை தோலை மெலிய வைக்கும், எலும்பின் பலத்தையும் குறைக்கும். சாதாரணமாகப் பிடித்தாலே கை கன்றிப்போகும். தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி இடுப்புப் பிடிப்பு என்று வந்தார். எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். அவர் விரல் போனது தொடை இடுக்குக்கு. மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பு மூட்டை மெல்ல உட்பக்கமாகத் திருப்பினேன், முகம் சுளித்துவிட்டது. சம்மணம் போட முடியாமல் சில வாரமாயிற்று என்றார். தொடையெலும்பின் பந்துமுனைக்குப் போகும் ரத்தம் குறைந்து அந்த எலும்பு செத்துக்கொண்டிருந்தது. லூபஸும் ஸ்டீராய்டும் சேரும் இடத்தில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அகப்படாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அந்தச் சகோதரி சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் காலை இழுத்துவிடச் சொல்வதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். நல்லவேளை, இங்கே முதலில் வந்தார். இதைக் கேட்டுவிட்டு யாரும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது என்றால் வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தடவுகிறோம். லூபஸில் நுரையீரல் உறை அழற்சியாகவோ ரத்தக்கட்டியாகவோ இருக்கலாம்; தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முதுகில் ஒரு பக்கமாகப் பட்டைபோல எரிச்சல் என்றால் அக்கி வரப்போகிறதோ என்று பாருங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அக்கி எளிதில் வரும். கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்பே வலி தொடங்கிவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்த்துக்கொண்டு இளவெயிலில் நிற்பது நம் வழக்கம். லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாக்குவதோடு உள்ளே அடங்கியிருக்கும் நோயையும் கிளப்பிவிடும். எண்ணெய் தேய்த்தால் நிழலில் இருங்கள். புதிய மூலிகைத் தைலம் என்றால் முன்கையில் துளி தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தடிப்பு இருக்கும் இடத்தில் எதையும் தேய்க்க வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒன்பது வகை உண்டு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். கேட்கும்போதே எவ்வளவு நுட்பமாக வகை பிரித்திருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இதில் முறுக்கலும் இழுத்தலும் லூபஸ் உள்ளவர்களுக்கு வேண்டாம். மென்மையான பிடித்தல் போதும். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை நெட்டி முறிப்பதும் வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்துபோகலாம்.

நான் செய்யும்போது முதல் தடவை கால் மணி நேரத்துக்கு மேல் போவதில்லை. மின்விசிறியைக் குறைத்துவிடுவேன், ஏனென்றால் குளிரில் விரல் நுனி வெளுத்து நீலமாகிப்போகிறவர்கள் இவர்களில் உண்டு. மூட்டு உறுத்தாமல் இருக்க முழங்கால்களுக்கு இடையே தலையணை. கட்டைவிரலால் குத்தாமல் உள்ளங்கை முழுவதையும் படரவிட்டு, தோளிலிருந்து முதுகுக்கு மெதுவாக நீவுவேன். கையை எடுத்த இடம் சிவந்தே இருந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்க விடமாட்டேன், தலை சுற்றும். மறுநாள் போன் செய்து கேட்பேன். அதிகமாகச் சோர்ந்துபோயிருந்தால் அடுத்த முறை இன்னும் குறைப்பேன். தூங்கினேன் என்று சொன்னால் அந்த அளவிலேயே தொடர்வேன். போன வாரம் ஒத்துக்கொண்டது இந்த வாரம் ஒத்துக்கொள்ளும் என்று லூபஸில் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் காலைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. கல்யாணத்துக்கு இருக்கிற பெண் என்று பல வீடுகளில் இந்த நோயை மறைக்கிறார்கள். மசாஜ் செய்கிறவரிடமாவது மறைக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளையும், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தட்டணுக்கள் எவ்வளவு இருக்கின்றன? 1.5 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை எடுத்தாயிற்றா? இப்போதைக்கு நான் மசாஜ் எடுத்துக்கொள்ளலாமா? மூன்றாவது கேள்விக்கு உங்களில் நிறையப் பேருக்கு "தாராளமாக" என்று பதில் கிடைக்கட்டும்.