பிள்ளைப்பேறும் தொழிற்சங்கமும்

(திருவொற்றியூரில் தொழிலாளர் குடும்பங்கள் மத்தியில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



சம்பளம், போனஸ், பஞ்சப்படி பற்றிப் பேச வேண்டிய மேடையிலே பிள்ளைப்பேறு பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் நினைக்கலாம். "அது பொம்பளைங்க சமாசாரம், வீட்டிலே பெரியவங்க பார்த்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்குகிறவர்களும் உண்டு. அவர்களையும் உள்ளே வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறோம். ஏனென்றால் நாம் இன்று பேசப்போவதும் உழைப்பைப் பற்றித்தான். கூலி கிடைக்காத உழைப்பு, கணக்கில் வராத உழைப்பு. ஆனால் இது இல்லாவிட்டால் நாளைக்கு எந்த ஆலையிலும் ஆள் கிடையாது, எந்த வயலிலும் நடவு கிடையாது.

1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்த நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர், பாமர மக்கள் படிக்க வேண்டுமென்று விஞ்ஞானக் கட்டுரைகளும் எழுதினார். காரணம் இருக்கிறது. தன் உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்ட தொழிலாளியை ஏமாற்றுவது கஷ்டம். ஆகவே முதலில் உடம்பைப் பார்ப்போம்.

உடம்பு பார்க்கும் ஓவர்டைம்

கர்ப்பஸ்திரீ சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் உடம்பு வேலை செய்துகொண்டிருக்கிறது. உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. அதாவது 4 லிட்டர் ரத்தம் இருந்த உடம்பில் 5½ லிட்டர், 6 லிட்டர் வரை ஓட வேண்டும். அதைத் தள்ளும் பம்பு அதே பழைய இருதயம்தான். அது முன்னைவிட வேகமாக, நிமிஷத்துக்குப் பத்து இருபது தடவை கூடுதலாகத் துடிக்கிறது. மாதக் கணக்கில் இருதயம் ஓவர்டைம் பார்க்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

கர்ப்பப்பை சாதாரண நாளில் 70 கிராம் கூட இருக்காது. பிரசவ சமயத்தில் அதுவே சுமார் 1 கிலோ. அது மேலே வளர வளர மூச்சுப்பையின் அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதனால்தான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிறுநீரகங்கள் முன்னைவிடப் பாதிப் பங்கு அதிகமாக ரத்தத்தைச் சுத்திகரிக்கின்றன. மூத்திரப்பையைக் கர்ப்பப்பை அழுத்துகிறது. அடிக்கடி ஒதுங்க வேண்டியிருப்பது இதனால்தான், சோம்பேறித்தனத்தால் அல்ல. பிள்ளை வெளியே வர வழிவிடுவதற்காக இடுப்பு மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்கின்றன. பாரம் முன்பக்கம் சாய்வதால் முதுகு பின்னால் வளைகிறது. இடுப்பு வலி, கால் வீக்கம் எல்லாம் இப்படி வருபவையே.

மொத்தம் சுமார் 10 கிலோ எடை கூட வேண்டும். இதில் பிள்ளை 3 கிலோதான். மீதி கூடுதல் ரத்தம், நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், கர்ப்பப்பை, பிறகு பால் சுரப்பதற்கான சேமிப்பு. நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று பயந்து வயிற்றைக் கட்டுகிறார்கள். இது தவறு. தாய் பட்டினி கிடந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும், தாயும் இளைத்துப்போவாள்.

வேலை இதை என்ன செய்கிறது?

இப்போது இந்த உடம்பை நம் பகுதியிலே வைத்துப் பாருங்கள். காசிமேட்டில் விடியுமுன் மீன் கூடை தூக்குகிற தாய். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நிற்கிற பெண். எண்ணூரில் காண்ட்ராக்டரிடம் கூட்டிப் பெருக்குகிற பெண். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண். உள்ளே ஒரு வேலை, வெளியே ஒரு வேலை. சுமை இரண்டு, கூலி ஒன்று.

கக்கூஸ் இல்லை, இருந்தாலும் சூப்பர்வைசர் விடமாட்டார் என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள், மூத்திரத்தை அடக்குகிறார்கள். கர்ப்ப காலத்தில் மூத்திரப் பாதையில் கிருமி சேர்வது சுலபம். அது சிறுநீரகம் வரை போனால் காய்ச்சல் வரும். மாதம் முடியுமுன்பே பிரசவ வலி கண்டுவிடவும் கூடும். ஆலையில் கக்கூஸ் கேட்பது வெறும் சௌகரியத்துக்கான கோரிக்கை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வெயிலும் அப்படித்தான். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். அப்படி வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு என்று 2024-ல் அறிவித்தார்கள். கரு கலைந்தால் "அவள் ராசி" என்று ஊர் பேசுகிறது. ராசி என்ன செய்யும்? உச்சி வெயிலில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடுக்காதவர்கள் யார் என்றல்லவா கேட்க வேண்டும்?

ஆலைப் பெண்கள் உலகத்துக்குக் கொடுத்த மருந்து

கர்ப்பிணிகளுக்கு நர்ஸம்மா ஒரு மாத்திரை கொடுக்கிறார். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. வீட்டில் அலமாரியில் தூங்குகிற அந்த மாத்திரைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தொழிலாளி வர்க்கத்தின் சரித்திரம்.

பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களும் மற்ற ஏழைப் பெண்களும் கர்ப்ப காலத்தில் ரத்தம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இதை ஆராய அங்கே வந்தார். கிருமியா என்று பார்த்தார். அதில் விடை கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் தட்டிலே என்ன இருக்கிறது என்று பார்த்தார். காய், கீரை, பழம் இல்லாத சாப்பாடு. ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது வெளுத்த பெண்களுக்கு ரத்தம் ஊறியது. 1931-ல் இதை உலகுக்கு வெளியிட்டார். நம் நாட்டில் குன்னூரிலும், சென்னையில் அன்று கோஷா ஆஸ்பத்திரி என்றிருந்த இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்திருக்கிறார். அந்தச் சத்தை 1941-ல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்து எடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். லத்தீன் மொழியில் இலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இது எதைக் காட்டுகிறது? ரத்த சோகை பெண்ணின் தலையெழுத்து அல்ல. அது ஏழையின் தட்டில் விழுந்த ஓட்டை. இன்றும் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தம் போதாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினால் ரத்த சோகை. 7-க்குக் கீழே போனால் பேராபத்து. பிரசவத்தில் எந்தத் தாய்க்கும் ரத்தம் போகும். ரத்தம் உள்ளவள் தாங்குவாள். இல்லாதவள் எப்படித் தாங்குவாள்?

மாத்திரையை டீயோடு சேர்த்துப் போடக் கூடாது. டீ இரும்பை உடம்பில் சேர விடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்ல துணை. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, கடலை, முட்டை, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி — இவை நம் கடைத்தெருவில் கிடைப்பவைதான். வாங்கக் காசு வேண்டும் என்பீர்கள். உண்மை. அதனால்தான் கூலி உயர்வுக் கோரிக்கையும் பிரசவ வார்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்கிறோம்.

நர்ஸம்மா என்ன பார்க்கிறார்?

நாள் தள்ளிப்போனதும், மூன்று மாதம் முடியுமுன்பே, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் எடை, ரத்த அழுத்தம், ரத்தம், மூத்திரம் பார்க்கிறார். வயிற்றை அளந்து பிள்ளை வளர்கிறதா என்று கவனிக்கிறார். இருதயத் துடிப்பைக் கேட்கிறார். குளுகோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். ரண ஜன்னி வராமல் ஊசி போடுகிறார்கள். எதுவும் சடங்கு அல்ல. ரத்த அழுத்தம் 140-க்கு 90 என்று ஏறி, மூத்திரத்திலும் புரதம் இறங்கினால் அடுத்தது வலிப்பு வரலாம். வலி தெரியாமலே வரும் சத்துரு அது. அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு தடவை கூடத் தவற விடாதீர்கள்.

ஆண் தோழர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், பிள்ளையின் அசைவு குறைதல். இதில் ஒன்றைக் கண்டாலும் ராத்திரி என்று பார்க்க வேண்டாம், ஷிப்டு என்று பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி நம் வடசென்னை ஜனங்களின் சொத்து.

வீட்டிலும் கணவனுக்கு வேலை உண்டு. தண்ணீர்க் குடத்தை அவன் தூக்கட்டும். கடைசி மாதங்களில் அவள் இடது பக்கம் சாய்ந்து படுக்க இடம் விடட்டும். கடைசியாக, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை முதலில் ஒழிக்கட்டும்.

உரிமை பிச்சையாக வரவில்லை

1917-ல் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த தொழிலாளி வர்க்கம் பிரசவத்துக்கு முன் 8 வாரம், பின் 8 வாரம் சம்பளத்தோடு ஓய்வு என்று கட்டளை போட்டது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 12 வாரம் என்றது. இங்கே 1924-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அது தோற்றது. 1929-ல் பம்பாய் மாகாணத்தில் முதல் சட்டம் வந்தது. 1961-ல் நாடு முழுதுக்கும் சட்டம் வந்தது. 2017-ல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் என்று திருத்தினார்கள். 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 26 வாரம் இருக்கிறது.

"காண்ட்ராக்ட் ஆளுக்கு, தினக்கூலிக்கு இது கிடையாது" என்று சொல்லுவார்கள். நம்பாதீர்கள். தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்காடினார்கள். தினக்கூலியாயினும் உரிமை உண்டு என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். கர்ப்பத்துக்காக லீவில் இருப்பவளை வேலையிலிருந்து நீக்குவது சட்ட விரோதம். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அங்கே பணம் பெறலாம். வயலில் உழைக்கும் ஏழைத் தாய்மார்களுக்கு மாநில சர்க்காரின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி இருக்கிறது. 2018 முதல் அது 18,000 ரூபாய். காலத்தோடு பதிந்தால்தான் கிடைக்கும்.

நர்ஸம்மாவும் தொழிலாளியே என்பதை மறக்கக் கூடாது. 2015-ல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தார்கள். வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து அவர்கள் போராடினார்கள். மூன்று பேர் வேலையை ஒருத்தி பார்த்தால் நம் பெண்களுக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு நேரம் ஏது? வார்டில் அவளிடம் சண்டை போடுவதை விட்டு, அவள் போராட்டத்தில் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளைத் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிக்குப் பாரம் தூக்காத வேலை. பரிசோதனை நாளுக்குச் சம்பளத்தோடு லீவு. சுத்தமான கக்கூஸ், குடிதண்ணீர், நிழல். உட்கார ஒரு ஸ்டூல். வட்டாரத்துக்கு ஒரு மாதர் தோழர் பொறுப்பெடுத்து, கர்ப்பிணிகள் எல்லாரும் பதிந்திருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்டூலுக்காகவா போராட்டம் என்று முதலாளி சிரிப்பார். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் அதற்காகத்தான் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருந்தியது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாயிற்று. கடையில் கிடைத்தது ஆலையில் ஏன் கிடைக்காது? கேட்போம், தோழர்களே. ஒன்றாக நின்று கேட்போம்!