தொகுப்பியின் எண் என்ன சொல்கிறது?

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால் அது ஒரு ரப்பர் மர வகை என்று பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த 600 வெறும் அடையாள எண். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் ஒரு மரம் சிறந்ததாகிவிடாது. ஆனால் நம் பிள்ளைகள் கணினிப் படிப்பில் காணும் எண்கள் வேறு வகை. அவற்றுள் ஒரு வாக்குறுதி அடங்கியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாவிட்டால், மாதக்கணக்கில் செய்த வேலை ஒரே நாளில் நின்றுபோகலாம்.

கணினிக்கு நாம் எழுதும் கட்டளைகளின் தொகுதியை நிரல் என்கிறோம். அந்த நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தருவது 'கம்பைலர்', அதாவது தொகுப்பி. தொகுப்பியைத் திருத்தி வெளியிடும் ஒவ்வொரு முறையும் அதற்குப் புதிய எண் இடுவார்கள்.

'ரஸ்ட்' என்னும் கணினி மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 0 என்று தொடங்கிய காலத்தில், இன்று ஓடும் நிரல் அடுத்த வெளியீட்டில் ஓடாமல் போவது வழக்கமாக இருந்தது. 2015 மே 15ஆம் நாள் 1.0 வெளிவந்தது. இனி 1 என்று தொடங்கும் புதிய தொகுப்பிகள் பழைய நிரல்களையும் ஏற்கும் என்று அப்போது வாக்குக் கொடுத்தார்கள்.

1.12.1 என்ற எண்ணைப் பாருங்கள். முதல் எண் அந்த வாக்கைக் குறிக்கிறது. நடு எண் கூடினால் புதிய வசதிகள் வந்திருக்கின்றன. கடைசி எண் கூடினால் அவசரப் பழுது நீக்கியிருக்கிறார்கள். இடையிலுள்ள புள்ளி தசமப் புள்ளியன்று. கணக்குப் பாடத்தில் 1.10 என்பது 1.9ஐவிடச் சிறியது. இங்கோ, 1.9க்கு அடுத்து 2016 ஜூலையில் வந்ததுதான் 1.10!

கொடுத்த வாக்கை எப்படிக் காக்கிறார்கள்? கன்றை நாற்றங்காலில் வைத்துப் பார்த்த பிறகுதானே தோட்டத்தில் நடுகிறோம்? அதுபோல, புதிய வசதி முதலில் இரவுதோறும் வரும் பதிப்பில் சேர்கிறது. பிறகு ஆறு வாரம் சோதனைப் பதிப்பில் இருக்கிறது. அதன்பின்னரே நிலையான பதிப்பாகிறது. இடையில், உலகெங்கும் பொதுவில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான நிரல்களைப் புதிய தொகுப்பியிடம் கொடுத்து, எது தடைப்படுகிறது என்று பார்க்கிறார்கள்.

இவ்வளவு கவனம் இருந்தும் சில வேளைகளில் தவறுவதுண்டு. 2024 ஜூலையில் வந்த 1.80, 'டைம்' என்னும் துணைத் தொகுப்பின் பழைய பதிப்பை நம்பியிருந்த நிரல்களை ஏற்கவில்லை. திருத்திய 'டைம்' பதிப்பு முன்பே வெளிவந்திருந்தது. அதற்கு மாறியிருந்தவர்களுக்குத் தொல்லையில்லை. மாறாதவர்கள் திண்டாடினார்கள்.

ஆகவே பெற்றோர்களே, கணினி படிக்கும் உங்கள் பிள்ளையிடம் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். எந்த எண்ணுள்ள தொகுப்பியில் நிரல் எழுதினாய் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி வை. புதியது வந்தால், முதலில் நிரலின் நகலை அதில் ஓட்டிப் பார். எண் 0 என்று தொடங்கினால், கற்றுக்கொள்ளப் பயன்படுத்து, பிழைப்பை மட்டும் அதன்மேல் வைத்துவிடாதே.

கணினி நமக்குப் புதியதாக இருக்கலாம். ஆனால் கொடுத்த வாக்கு எது, அதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டுப் பார்ப்பது நமக்குப் புதியதல்லவே!