முடிச்சு அவிழாத பலூன் எப்படி இறங்குது?

தை அஞ்சாம் தேதி மணலூர்பேட்டைக்குப் போயிருக்கீங்களா? தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். ஆத்து மணல் முழுக்கக் கடைங்க, பிள்ளைங்க கையில கேஸ் பலூன்.

ராத்திரி வீட்டுக் கூரையை முட்டிக்கிட்டு நின்ன பலூன், மறுநாள் தரையில கிடக்கும். முடிச்சு அவிழலை, ஓட்டையும் இல்லை. உள்ளே இருந்த கேஸ் எங்கே போச்சு?

ரப்பர் வழியாத்தான் போச்சு. ரப்பர் நம்ம கண்ணுக்குத்தான் சுவர். உள்ளே, இடியாப்பம் மாதிரி பின்னிக்கிடக்கிற நீளமான மூலக்கூறு இழைகள். அதுங்க நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்போ பொடிப்பொடி இடைவெளிகள் திறந்து மூடும். வாயு முதல்ல ரப்பரில் கரையும், அப்புறம் இடைவெளிக்கு இடைவெளி தாவி வெளியே வந்துடும்.

அப்போ சின்ன மூலக்கூறுதான் வேகமா வெளியேறும்னு தோணும், இல்லையா? 1866-ல தாமஸ் கிரஹாம் ரப்பரை வெச்சு அளந்து பார்த்தார். நைட்ரஜனோட வேகம் 1-ன்னா, ஆக்ஸிஜன் சுமார் 2.5, ஹைட்ரஜன் 5.5. ஹைட்ரஜனைவிடப் பெரிய கார்பன் டை ஆக்ஸைடு? 13.5! ஏன்னா அது ரப்பரில் நல்லாக் கரையும். ஆக, ரெண்டு விஷயம்: எவ்வளவு கரையுது, எவ்வளவு வேகமா நகருது.

சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். பஞ்சர் ஆனதும் சின்ன கார்பன் டை ஆக்ஸைடு குப்பியில காத்தடிச்சா, அடுத்த நாளே டியூப் தளர்ந்துடும். வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிட்டு பம்புல சாதாரணக் காத்து அடிச்சுக்கணும். டியூபுக்கு பியூட்டைல் ரப்பரைத் தேர்ந்தெடுத்ததும் இதுக்குத்தான். அதோட இழைகள் நெருக்கமா அடைஞ்சு, மெதுவா நெளியும். காத்து கசியறது இயற்கை ரப்பரைவிட ரொம்பக் குறைவு.

இப்போ திருவிழா பலூனுக்கு வருவோம். ஹீலியம் தீப்பிடிக்காது, ஆனா விலை அதிகம். அதனால சில இடங்கள்ல ஹைட்ரஜன் அடைக்கிறாங்க. அது காத்துல 4 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். பலூன் கொத்தை காருக்குள்ள திணிச்சு, கண்ணாடியை ஏத்திவிட்டா, வெடிக்காத பலூனும் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். கசியற ஹைட்ரஜன் கார் கூரையடியில் சேரும்.

பலூன் வாங்குங்க, அந்த வியாபாரிக்கு அன்னைக்குத்தான் வியாபாரம். வாங்கும்போது "உள்ளே என்ன கேஸ்ணா?"ன்னு கேளுங்க. பதில் தெளிவா இல்லைன்னா காருக்குள்ள ஏத்தாதீங்க, விளக்கு, அடுப்பு, பீடிகிட்டயும் கொண்டுபோகாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.