கண்மாய்ச் சங்கிலியும் பொதுப்பணமும்

(கமுதியில் கூடிய பாசனக்காரர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



கடன் கணக்குப் பார்க்கிறவனுக்குக் கண்மாய்க் கரையில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கக்கூடும். குண்டாற்றில் வெள்ளம் வராத வருஷத்தில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் கொடுத்த கடன் தவணைக்குத் திரும்புவதில்லை. பத்திரத்தில் எத்தனை பேர் கையெழுத்திட்டாலும், இந்தச் சீமையில் முதல் ஜாமீன்தார் கண்மாய்தான். அந்த ஜாமீன்தாரின் நிலைமையைப் பாராமலே நாங்கள் பல காலம் கடன் கொடுத்து வந்தோம். அது எங்கள் பக்கத்துப் பிழை.

நம் ஜில்லாவில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களிலேயே கொட்டிவிடும். தேக்காத நீர் கிழக்கே ஓடி மன்னார் வளைகுடாவில் விழும். ஆகையினாலேயே முன்னோர் கண்மாய்களைச் சங்கிலியாக வெட்டினார்கள். மேற்கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால், அந்நீரே கீழ்க்கண்மாய்க்கு வரத்து. சேதுபதிகள் காலத்தில் கமுதிக்கருகே குண்டாற்றிலிருந்து பிரித்து வெட்டப்பட்ட ரகுநாத காவிரியும் இவ்வாறு பல கண்மாய்களுக்கு ஊட்டும் கால்வாயே.

இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி கடலோரத்தில் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்குக் கண்மாய் வெறும் பாசனத்துக்கன்று. குடிநீர்க் கிணற்றைக் காக்கும் அரணும் அதுவே. பூமிக்கடியில் உப்புநீரின்மேல் நல்ல நீர் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை உப்புநீரை அது அமுக்கி வைக்கும் என்பது ஐரோப்பிய நிபுணர் இருவர் நூறு வருஷங்களுக்கு முன்னரே கண்டறிந்த கணக்கு. கண்மாய் வறண்டு அந்த ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு ஏறும். கமுதியில் தூர்ந்த வரத்துக்கால், கடலாடிப் பக்கத்துக் கிணற்றைக் கரிக்கச் செய்யலாம். எனவே இது ஓர் ஊரின் காரியம் அன்று.

பணத்தைப்பற்றிச் சொல்லுகிறேன். 1789-ம் வருஷத்தில் ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாகுமா என்று ஆராய ஆட்களை அனுப்பினார். செலவு மிகுதியென்று அந்த யோசனை நின்றுபோயிற்று. அணை கட்டி நீரைத் திருப்பியது 1895-ல், அதுவும் சர்க்கார் பணத்தில். ஒரு சமஸ்தானத்துக்கு எட்டாத தொகை ஒரு கிராமத்துக்கு எப்படி எட்டும்? ஆகவே பொதுப்பணம் வேண்டியதே. அது கேட்டுப் பெறவேண்டிய உரிமை. ஆனால் வருகிற பணம் எவ்வழியாகச் செலவாகிறது என்பதில்தான் என் மனக்குறை.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தபின் ஜமீன் கண்மாய்கள் சர்க்காரைச் சேர்ந்தன. இன்று 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய கண்மாய் நீர்வள இலாகாவுக்கும், அதற்குட்பட்டது ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியது. ஒரே சங்கிலியில் ஒரு கண்மாய் ஒருவருக்கு, அடுத்தது வேறொருவருக்கு. மதிப்பீடும் கண்மாய் கண்மாயாகத் தயாராகிறது. இரண்டுக்கும் நடுவே ஓடும் கால் எவர் மதிப்பீட்டிலும் முழுமையாகச் சேராது.

ஒரு கிராமத்தைக் கண்டேன், பெயர் வேண்டாம். கரை உயர்த்தி, மடை புதுப்பித்து, விளம்பரப் பலகையும் நட்டிருந்தார்கள். ஊர் எல்லைக்கு அப்பால் வரத்துக்காலில் சீமைக்கருவேல் ஆள் நுழையாதபடி மண்டிக் கிடந்தது. அவ்வருஷம் மழை பெய்தும் உள்வாயில் ஆடு மேய்ந்தது. வயதான நீர்ப்பாய்ச்சி ஒருவர், "செம்பைத் துலக்கி வைத்தார்கள் ஐயா, ஊற்றத்தான் ஆளில்லை" என்றார். அந்த ஊர்ச் சங்கக் கடனில் பெரும்பங்கு இன்னும் நிலுவையிலேயே இருக்கிறது.

2017-ல் குடிமராமத்துத் திட்டம் 100 கோடி ரூபாயில், 1,519 வேலைகளுடன் மீண்டும் தொடங்கிற்று. பாசனக்காரர் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. இது புதிதன்று, 1858-ம் வருஷத்துச் சென்னைச் சட்டம் வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்க இடம் தந்திருந்தது. பிறகு 2021 பிப்ரவரியில் காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 14,400 கோடி மதிப்பீட்டில் அடிக்கல் நாட்டினார்கள். அந்நீர் குண்டாற்றை வந்தடையும் நாளில், அதை ஏற்றுக்கொள்ள நம் கால்கள் திறந்திருக்குமா என்பதே என் கவலை. பெரிய திட்டத்தைக் கேட்கும் வாய், சிறிய காலைக் கேட்க ஏனோ கூசுகிறது.

ஆதலால் என் யோசனை இதுதான். ஒரு சங்கிலியிலுள்ள பாசன சபைகள் யாவும் சேர்ந்து ஒரே விண்ணப்பம் எழுதவேண்டும். தலைக்கால் முதல் கடைக்கண்மாய்க் கலுங்கு வரை ஒரே மதிப்பீடாகக் கேட்கவேண்டும். கடைமடைக்காரர் இருவராவது கமிட்டியில் இருத்தல் அவசியம். மேல்மடைக்காரர் மட்டும் கூடினால் வேலை மேலேயே முடிந்துவிடும். ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷந்தோறும் பிரித்து, கூட்டுறவு பாங்கியில் மராமத்து நிதியாகப் போடுங்கள். மீன்பாசிக் குத்தகையிலும் கருவேல் ஏலத்திலும் ஒரு பங்கை அந்நிதிக்கு விடும்படி அதிகாரிகளிடம் மனுச் செய்வோம். கணக்கு எழுதித்தர நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலை நடந்து பார்த்துவிட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குண்டாற்றங்கரையில் காத்திருப்பேன். நிலவரைபடம் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். நீர்ப்பாய்ச்சிகளையும் தவறாமல் அழைத்து வாருங்கள்.